களிம்பு ஏறிய தண்டவாளம், டெண்டருக்குள் பேட்டரி: ஒரு தோட்ட ரயில் எஞ்சின் மாறிய கதை

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்தால் பொன்னாக மின்னும். இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தால் மங்கிவிடும். ஒரு மழைக்காலம் போனால் பச்சைக் களிம்பு கட்டும். அந்தக் குடத்தை உருக்கி 45 மீட்டர் நீளத்துக்குக் கம்பியாக இழுத்து, இங்கிலாந்து மழையில், ஆப்பிள் மரத்தடியில், முப்பது வருஷம் போட்டு வைத்தால் எப்படி இருக்கும்? எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தோட்ட ரயில் பாதை அப்படித்தான் இருந்தது.

அவருக்கு 78 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓட்ட வேண்டுமென்றால் காலை 9 மணிக்கே ஒரு நீளக் கழியின் நுனியில் சொரசொரப்பான பட்டையைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தேய்க்க இறங்கிவிடுவார். முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் ஒரு 40 நிமிஷம் ரயில் ஓடும். அதுவும் ஒழுங்காக ஓடாது. மரத்தடி வளைவில் ஒரு தடவை, பாலத்துக்கு முன்னால் ஒரு தடவை என்று நின்றுவிடும். விரலால் தள்ளிவிட வேண்டும். முட்டி அறுவை சிகிச்சை ஆனவருக்குக் குனிந்து தள்ளுவது பெரும்பாடு. போன வருஷம் ஏப்ரலில், எஞ்சின்களையெல்லாம் விற்றுவிடப் போவதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன்.

இது அந்த எஞ்சினைத் தண்டவாளக் கரன்டிலிருந்து பேட்டரிக்கு மாற்றிய கதை. சரியாகச் செய்ததையும், நான் சொதப்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாதையும் எஞ்சினும்

தோட்ட ரயில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசைமேல் ஓடும் சின்ன பொம்மை ரயில் வேறு, இது வேறு. 1968-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்கில் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் வெளியிலும் ஓடக்கூடிய பெரிய ரயிலைக் கொண்டுவந்தது. தண்டவாள இடைவெளி 45 மி.மீ., அளவு 22.5-க்கு 1. ஏன் இந்த விசித்திரமான எண் என்றால், 1000 மி.மீ. அகல மீட்டர் கேஜ் பாதையை அந்த விகிதத்தில் சுருக்கினால் கிட்டத்தட்ட 45 மி.மீ. வரும். நம் ஊட்டி மலை ரயில் மீட்டர் கேஜ்தான். அதை இந்த அளவில் செய்தால் இதே தண்டவாளத்தில் உட்காரும். அதே 45 மி.மீ.-ஐ 1435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜ் பாதையாக வைத்துக்கொள்பவர்கள் 32-க்கு 1 என்பார்கள். அமெரிக்காவின் மூன்றடிப் பாதைக்காரர்களுக்கு அது 20.3-க்கு 1. தண்டவாளம் ஒன்றே, கணக்கு ஆளுக்கு ஒன்று.

பெரியவரிடம் ஆறு எஞ்சின்கள் இருந்தன. மாற்றுவதற்கு நான் எடுத்தது மொகல் வகை நீராவி எஞ்சின் மாதிரி: முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு ஓட்டுச் சக்கரம், பின்னால் எட்டுச் சக்கர டெண்டர். 1990-களில் வாங்கியது. டெண்டர் இருப்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். நிஜ எஞ்சினில் நிலக்கரியும் தண்ணீரும் போகிற இடம் மாதிரியில் வெறும் காலிப் பெட்டி; உள்ளே எடைக்காக ஓர் இரும்புக் கட்டி திருகாணி போட்டு வைத்திருக்கும். முதல் தடவை இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: டெண்டர் உள்ள எஞ்சினாகப் பாருங்கள். சின்ன எஞ்சினின் கொதிகலனுக்குள் பேட்டரியைத் திணிக்கிற வித்தையெல்லாம் அப்புறம்.

பேட்டரியில் ஓட்டுவது ஒன்றும் புது யோசனை இல்லை. 1988-ல் பாக்மன் என்ற மாதிரி ரயில் நிறுவனம் விட்ட முதல் பிக் ஹாலர் எஞ்சினே பேட்டரியும் ரேடியோவுமாகத்தான் வந்தது. அன்றைய பேட்டரி கனம் அதிகம், சக்தி கொஞ்சம். 1991-ல் சோனி லித்தியம் அயனியை விற்பனைக்குக் கொண்டுவந்து, பிற்பாடு லேப்டாப்புக்கும் மிதிவண்டிக்கும் கோடிக்கணக்கில் உருளைச் செல்கள் வரத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பொழுதுபோக்குக்கு விடிவு வந்தது.

தண்டவாளத்தில் என்ன கோளாறு

முதல் மாலை நான் செய்தது ஒரே வேலை. மின்மாற்றியில் 18 வோல்ட் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பாதையைச் சுற்றி ஐந்து இடத்தில் தண்டவாளத்தின் வோல்ட்டை அளந்தேன். மின்மாற்றிக்குப் பக்கத்தில் 17.8. எதிர்க்கோடியில், மரத்தடியில், 11.2.

நடுவில் காணாமல் போன ஆறரை வோல்ட்டைத் தின்றது பித்தளை மட்டும் இல்லை. பித்தளை செம்பைப் போல் கரன்ட் கடத்தாது, கால் பங்கு தேறினால் அதிகம். ஆனாலும் தண்டவாளம் பருமனானது, 45 மீட்டரில் அதனால் பெரிய இழப்பு வராது. உண்மையான திருடன் இணைப்புகள். முப்பது சென்டிமீட்டர் துண்டுகளாகப் போட்ட பாதை. ஒவ்வொரு துண்டையும் அடுத்ததோடு ஒரு மெல்லிய தகடு பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தகட்டுக்கு உள்ளே போன ஈரம் வெளியே வராது. மேல்பக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும் உள்பக்கக் களிம்பு அப்படியேதான் இருக்கும். அதாவது பெரியவர் வாரா வாரம் தேய்த்தது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள அழுக்கை. தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ளதை அவர் தொடவே இல்லை, தொடவும் முடியாது.

இதற்கு வேறு வைத்தியமும் உண்டு. ஒவ்வோர் இணைப்பிலும் திருகுக் கவ்வி போடலாம், செம்புக் கம்பியைப் பாதை நெடுக இழுத்து ஐந்தாறு இடத்தில் ஊட்டம் கொடுக்கலாம். பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள், நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் நூற்றைம்பது இணைப்புக்கு இரண்டு பக்கமும் கவ்வி போடுகிற விலையில் இரண்டு எஞ்சினைப் பேட்டரிக்கு மாற்றிவிடலாம். மேல்பக்கத் தேய்ப்பும் அப்போதும் தீராது. அவர் முட்டிக்கு அது விடை ஆகாது.

முதலில் மீட்டர், அப்புறம் பேட்டரி

என்ன பேட்டரி வாங்கலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். எஞ்சின் என்ன சாப்பிடுகிறது என்று தெரியாமல் பேட்டரி வாங்குவது ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போல. சமையலறை மேசைமேல் ஒரு மீட்டர் நீளத் தண்டவாளத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்து, நடுவில் அம்மீட்டரை மாட்டினேன். வெறும் எஞ்சின் உருண்டபோது அரை ஆம்பியர். பிறகு தோட்டத்தில் பாதையின் நல்ல பகுதியில் ஆறு பெட்டிகளோடு சமதளத்தில் 0.9, வளைவும் ஏற்றமும் சேர்ந்த இடத்தில் 1.5. கடைசியாக, எஞ்சினின் முன்பக்கத்தைக் கையால் பிடித்து நிறுத்தி, சக்கரங்கள் வழுக்கிச் சுழலும்படி விட்டபோது 2.3. இந்த வழுக்கல் எண்தான் முக்கியம். ஓடுகிற எஞ்சின் நிஜ வாழ்க்கையில் இதற்குமேல் கேட்பது அபூர்வம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி தொடர்ந்து 5 ஆம்பியர் தாங்குவதாகவும், ஃப்யூஸ் 4 ஆம்பியராகவும் முடிவானது இங்கேதான்.

இன்னொன்றும் அப்போது கண்ணில் பட்டது. புகைபோக்கிக்குள் இருந்த புகை ஹீட்டரையும் மூன்று பழைய பல்புகளையும் கழற்றிவிட்டு அளந்தபோது கரன்ட் 0.3 ஆம்பியர் இறங்கியது. தண்டவாளத்தில் கரன்ட் சும்மா கிடைக்கும்போது இது யாருக்கும் உறுத்தாது. பேட்டரியில் அப்படி இல்லை. பல்புக்குப் பதில் எல்இடி வைத்து 2.7 கிலோ ஓம் மின்தடை போட்டேன். ஒன்றுக்கு 5 மில்லி ஆம்பியர் போதும். புகையை நிறுத்துவதற்குப் பெரியவர் கொஞ்சம் முகம் சுளித்தார். கடைசியாகப் புகை எண்ணெய் ஊற்றியது எப்போது என்று கேட்டேன். 2009 என்றார். சரி, அந்தப் பேச்சு முடிந்தது.

எந்தப் பேட்டரி

18650 என்கிற உருளைச் செல்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். ஒன்றுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட். நான்கைத் தொடராகக் கோத்தால் 14.8 வோல்ட், முழுதாக ஏறினால் 16.8, இறங்கினால் 12-க்கு மேலேயே நிறுத்த வேண்டும். தண்டவாளத்தில் 18 முதல் 24 வோல்ட் வரை கொடுத்துப் பழகியவர்கள் 14.8 போதுமா என்று கேட்பார்கள். போதும். குறுகிய பாதை நீராவி எஞ்சின்கள் பல நிஜத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில்தான் போகும். அதை 22.5-ஆல் வகுத்தால் விநாடிக்கு 37 சென்டிமீட்டர், அதாவது குழந்தை தளர்நடை போடுகிற வேகம். 24 வோல்ட்டில் பறக்கும் தோட்ட ரயில் பார்க்க ரயிலாகவே இருக்காது, ஓணான் மாதிரி இருக்கும்.

டெண்டரின் உள் அகலம் 80 மி.மீ. செல்களை நீளவாக்கில் படுக்கவைத்தால் பக்கத்தில் பக்கம் நான்கு, அதன்மேல் இன்னொரு நான்கு: 74 மி.மீ. அகலம், 37 உயரம். எட்டுச் செல், இரண்டிரண்டாகச் சேர்த்த நான்கு ஜோடி தொடராக: 6000 மில்லி ஆம்பியர் மணி, 88.8 வாட் மணி. எடை 380 கிராமுக்குப் பக்கம். நான் கழற்றிப் போட்ட இரும்புக் கட்டி 400 கிராம்! டெண்டரின் எடை மாறவே இல்லை. இப்படி ஒரு அதிர்ஷ்டம் எல்லா எஞ்சினிலும் வாய்க்காது.

செல் வாங்கும் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 18650 அளவில் நல்ல செல்லே 3500 மில்லி ஆம்பியர் மணியைப் பெரிதாகத் தாண்டாது. உறையில் 9900 என்று அச்சடித்து மலிவாக வருவதெல்லாம் பொய். எனக்குத் தெரிந்த எளிய சோதனை சமையலறைத் தராசு: நல்ல செல் 45 முதல் 48 கிராம். 30 கிராம் காட்டினால் உள்ளே பாதி காற்று. இந்தப் பாடத்தை நான் இருபது வருஷம் முன்பே சென்னை ரிச்சி தெருவில் காசு கொடுத்துப் படித்தவன்.

செல்மேல் நேராக சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளே உள்ள பிரிப்புத் தாளைக் கெடுக்கும். நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டிங் செய்து, காவல் பலகையோடு சேர்த்துத் தருகிற ஆளிடம் கட்டுக் கட்டாகவே வாங்கினேன். காவல் பலகை, அதாவது பிஎம்எஸ், எந்தச் செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏறாமலும், அடிமட்டத்துக்குக் கீழே இறங்காமலும், ஷார்ட் ஆனால் துண்டித்தும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அது வாசல் காவல்காரன்; தினமும் அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்வரை போகக் கூடாது. என் கட்டுப்பாட்டுக் கருவி செல்லுக்கு 3.3 வோல்ட்டிலேயே வேகத்தைக் குறைத்து எச்சரிக்கும்படி வைத்திருக்கிறேன்.

அறுப்பதுதான் வேலை

பேட்டரியை உள்ளே வைப்பது ஒரு சாயங்கால வேலை. பழைய கரன்ட் வழிகளை அறுப்பதுதான் உண்மையான வேலை. இதில்தான் நான் சறுக்கினேன்.

இந்த அளவு எஞ்சின்களில் கரன்ட் பல வழியாக உள்ளே வரும். ஓட்டுச் சக்கரங்களின் உள்பக்கத்தில் கரித்துண்டு உரசும். அடியில் தண்டவாளத்தின்மேல் சறுக்கும் செருப்பு இருக்கும். டெண்டர் அச்சிலும் சுருள்வில் தொடும். எல்லாம் சேர்ந்து ஒரு பலகைக்குப் போய், அங்கிருந்து மோட்டாருக்கும் விளக்குக்கும் பிரியும். எஞ்சினைக் கவிழ்த்து, அடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றி, செருப்பு இரண்டையும் எடுத்தேன். அதுவே ஓர் உபகாரம்: எப்போதும் தண்டவாளத்தை அழுத்திக்கொண்டிருந்த பிரேக் ஒன்று போயிற்று. கரித்துண்டுகளையும் அவற்றின் சுருளையும் எடுத்து ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, பெயர் எழுதி வைத்தேன். என்றாவது யாராவது திருப்ப நினைக்கலாம். மோட்டாரின் இரண்டு முனையையும் பலகையிலிருந்து பிரித்து, தனி ஒயராக டெண்டருக்குக் கொண்டுபோனேன்.

மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே, ரேடியோ இரைச்சலை அடக்குவதற்கென்று, மின்தேக்கிகள் பற்றவைத்திருந்தன. முதல் நாள் அவற்றை விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷம் ஓடியதும் கட்டுப்பாட்டுக் கருவி கையை வைக்க முடியாத அளவு சுட்டது. காரணம் எளிது. பழைய மின்மாற்றி கொடுத்தது ஏறக்குறைய நேரான மின்னழுத்தம். புதிய கருவியோ விநாடிக்குப் பல்லாயிரம் தடவை முழு வோல்ட்டைப் போட்டும் எடுத்தும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு தடவை போடும்போதும் அந்த மின்தேக்கி வெறும் கம்பியைப் போல் நடந்துகொண்டு கரன்டை உறிஞ்சும். வெட்டிவிட்டேன். சூடு போயிற்று, மோட்டாரின் சிணுங்கலும் போயிற்று.

டெண்டருக்குள் வரிசை இப்படி: பேட்டரியின் நேர்முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஃப்யூஸ், அதற்கு அப்புறம் மூன்று நிலை சுவிட்ச். மேலே தள்ளினால் ஓட்டம், நடுவில் நிறுத்தம், கீழே தள்ளினால் சார்ஜ். சார்ஜில் இருக்கும்போது எஞ்சின் துண்டிக்கப்பட்டிருக்கும். ஓட்டத்தில் இருக்கும்போது சார்ஜ் துளையில் கரன்ட் இருக்காது, ஈரக் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது. எல்லாம் நிலக்கரிக்குக் கீழே. நிஜ நிலக்கரியையே சுத்தியலால் நொறுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் பசை போட்டு ஒட்டி, நான்கு சின்னக் காந்தத்தில் உட்கார வைத்தேன். விரல் நகத்தால் நெம்பினால் நிலக்கரி மூடியாகக் கழன்று வரும். என் மகனுக்கு முழு வேலையிலும் பிடித்தது இந்த ஒன்றுதான்.

கையில் வைத்து ஓட்டும் கருவி அனுப்புகிற ரேடியோ கட்டளையை டெண்டருக்குள் வாங்குவது ரிசீவர். அதன் ஏரியலில் கடைசி 31 மி.மீ. மட்டும்தான் வேலை செய்கிற பகுதி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் கால் நீளம் அது. பேட்டரிக்கு மேலே செங்குத்தாக நிமிர்த்தி வைத்தேன். தோட்டத்தின் எந்த மூலையிலும் சிக்னல் அறுந்துபோகவில்லை. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

நான் செய்த தப்பு

இரண்டு வாரம் பெரியவர் வீட்டில் அருமையாக ஓடியது. அவர் தண்டவாளத்தில் இப்போது கரன்டே இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, அவருடைய நண்பர்கள் கூடும் ஒரு தோட்டத்துக்கு எஞ்சினை எடுத்துப் போனோம். அந்தப் பாதையில் 20 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி எஞ்சினுக்கு அதனால் என்ன, தண்டவாளத்தோடு இதற்கு உறவே இல்லையே என்று தைரியமாக வைத்தேன். பட்டென்று ஒரு சின்னச் சத்தம். நிலக்கரி மூடியின் இடுக்கிலிருந்து, நிஜ எஞ்சினைப் போலவே, ஒரு நூல் புகை. ரிசீவர் போச்சு. எலெக்ட்ரானிக்ஸ் எரிந்த வாசனைக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை, ஆனால் ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். டெண்டரின் பின்விளக்கு. அந்த ஒரு பல்பு மட்டும் எஞ்சினிலிருந்து கரன்ட் எடுக்காமல், டெண்டரின் கடைசி அச்சிலிருந்தே தனியாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அச்சில் தொடும் இரண்டு சுருள்வில்லும் பல்புக் குமிழின் இரண்டு முனைக்கும் கீழ்வழியாகப் போகின்றன, கண்ணில் படாது. நான் பல்பை எடுத்துவிட்டு, அதே முனைகளில் ரிசீவரின் விளக்கு ஒயரைப் பற்றவைத்திருக்கிறேன். ஆக, தண்டவாளத்தின் 20 வோல்ட் நேராக ரிசீவரின் விளக்கு முனைக்குள் போயிருக்கிறது. ஃப்யூஸ் ஏன் காப்பாற்றவில்லை? அது பேட்டரியிலிருந்து வருகிற கரன்டுக்குத்தான் காவல். பின்வாசலால் வந்தவனை அது பார்க்கவே இல்லை.

அவருடைய பாதையில் இரண்டு வாரம் ஏன் தெரியவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்: அங்கே தண்டவாளம் செத்துக் கிடந்தது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பது மாற்றம் முடிந்துவிட்டதற்குச் சாட்சி ஆகாது.

நான் செய்திருக்க வேண்டியது பத்து நிமிஷச் சோதனை. மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை ஒவ்வொரு சக்கரத்திலும், மறுமுனையை மோட்டாரின் இரு முனை, பேட்டரியின் இரு முனை, விளக்குகளின் முனை என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். எஞ்சினில் எட்டு, டெண்டரில் எட்டு, மொத்தம் 16 சக்கரம். எங்கும் மீட்டர் அசையக் கூடாது. இரண்டாவது ரிசீவர் வாங்கிப் போட்டபோது இதைச் செய்தேன். டெண்டரின் சுருள்வில்களையும் எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டேன். பெரியவர் ரிசீவருக்குப் பணம் கொடுக்க வந்தார், வாங்கவில்லை. தப்பு என்னுடையது.

சிலர் ஒரு சுவிட்சை வைத்து, வேண்டும்போது தண்டவாளக் கரன்டிலும் வேண்டும்போது பேட்டரியிலும் ஓடும்படி செய்வார்கள். செய்ய முடியாதது இல்லை. ஆனால் இந்த அனுபவத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே போக மாட்டேன். இரண்டு வழியும் உள்ள எஞ்சினில் ஒரு நாள் சுவிட்ச் தப்பான பக்கம் இருக்கும். அன்றைக்குத்தான் பார்க்க விருந்தாளிகளும் வந்திருப்பார்கள்.

எவ்வளவு நேரம் ஓடுகிறது

காகிதத்தில் கணக்கு: 6 ஆம்பியர் மணி, ஆறு பெட்டியோடு 0.9 ஆம்பியர், எஞ்சின் சத்தம் எழுப்பும் ஒலிக்கருவிக்குக் கொஞ்சம். அடிமட்டம் வரை இறக்காமல் ஐந்து மணி நேரம் என்று எழுதி வைத்தேன். ஆகஸ்டில் ஒரு நாள், காலை 10 மணிக்கு விட்ட ரயில் மாலை 5:20-க்குத்தான் எச்சரிக்கை கொடுத்தது. ஏழு மணி நேரத்துக்கு மேல்!

பேட்டரி நல்லது என்பதால் மட்டும் இல்லை. கணக்கில் நான் விட்ட ஓட்டை அது. மோட்டாருக்குள் 0.9 ஆம்பியர் ஓடுவது உண்மை. ஆனால் அந்த மெதுவான வேகத்தில் மோட்டாருக்குக் கிடைப்பது சராசரியாக 9 வோல்ட் மட்டுமே. கருவி 14.8 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து அந்தச் சராசரியை உண்டாக்குகிறது. பேட்டரியிலிருந்து அப்போது சராசரியாக வெளியேறுவது அரை ஆம்பியரை ஒட்டித்தான். ஒலிக்கும் வீணாவதற்கும் சேர்த்து 0.7. மெதுவாக ஓட்டுகிறவருக்கு இது போனஸ்.

காலியான பேட்டரி 2 ஆம்பியர் சார்ஜரில் நிறைய நான்கு மணி நேரம் ஆகிறது. மூன்று விதி வைத்திருக்கிறோம். ஆள் இல்லாத வீட்டில் சார்ஜ் போடக் கூடாது. பிளாஸ்டிக் டெண்டருக்குள் பேட்டரி இருப்பதால் சமையலறைக் கல் மேடைமேல்தான் சார்ஜ். ஜனவரியில் கொட்டகையிலிருந்து சில்லென்று எடுத்து வந்த எஞ்சினை உடனே சார்ஜில் போடக் கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். ஒரு மணி நேரம் அறைக்குள் கிடக்கட்டும்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஆதாயம் ஒன்று. பாதையின் கோடியில் திரும்பிவரும் வளையம் ஒன்று போட வேண்டுமென்று அவருக்கு நெடுநாள் ஆசை. இரண்டு தண்டவாளக் கரன்டில் வளையம் போட்டால் வலதும் இடதும் சந்தித்து ஷார்ட் ஆகும்; அதற்குத் தனி மின்சுற்று வேண்டும். இப்போது எதுவும் வேண்டாம், தண்டவாளத்தை வளைத்துப் போட்டால் ஆயிற்று. செப்டம்பரில் போட்டோம். இன்னொன்று, பியூட்டேன் வாயுவில் தண்ணீர் கொதிக்கவைத்து நிஜ நீராவியில் ஓடும் எஞ்சின் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அவருக்கு உண்டு. அந்த எஞ்சினின் இரண்டு பக்கச் சக்கரங்களும் நடுவில் காப்பு இல்லாமல் இரும்போடு இரும்பாக இணைந்தவை. கரன்ட் உள்ள பாதையில் வைத்தாலே ஷார்ட். பதினைந்து வருஷமாக வெறுங்கையோடு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனவர், போன அக்டோபரில் எஞ்சினையும் எடுத்து வந்தார். பாதை முழுக்க எண்ணெய்த் துளி. முன்பென்றால் அதைத் துடைக்கவே ஒரு நாள் ஆகியிருக்கும்; இப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.

மிச்சம்

செலவு, எரிந்த ரிசீவரைச் சேர்க்காமல், நூற்றைம்பது பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. ஆறு எஞ்சினுக்கும் இப்படியே என்றால் கையைக் கடிக்கும். அதனால் அடுத்து எடுத்த நான்கு சக்கரக் குட்டி எஞ்சினுக்கு வேறு வழி. அதற்குள் மோட்டாரைத் தவிர எதற்கும் இடம் இல்லை. ஒரு சரக்குப் பெட்டிக்குள் பேட்டரி, ரிசீவர், ஒலி எல்லாம் வைத்து, எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ப்ளக் மட்டும் விட்டிருக்கிறேன். ஒரே பெட்டியை மூன்று எஞ்சினுக்கு மாற்றி மாற்றி மாட்டலாம். குறை இல்லாமல் இல்லை: பெட்டியைப் பின்னாலிருந்து கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை மட்டும் தனியே நகர்த்த முடியாது, ஆனால் நிலையத்தில் பெட்டி மாற்றி விளையாடுவது பெரியவருக்குப் பிரியமான பொழுதுபோக்கு.

நவம்பர் முதல் வாரத்தில் ஆப்பிள் மரம் இலை உதிர்த்தது. வளைவு முழுவதும் ஈர இலை. முன்பெல்லாம் அந்த வாரம் பாதையை மூடிவிடுவார். அன்று ரயில் இலைகளை நசுக்கிக்கொண்டே போயிற்று. ஏற்றத்தில் ஒரு தடவை சக்கரம் வழுக்கியது, பெரியவர் ஜன்னலுக்கு உள்ளிருந்தே கையில் இருந்த கருவியில் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி கூட்டினார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

பேட்டரியின் நான்கு ஜோடிச் செல்களையும் மாதம் ஒரு தடவை தனித்தனியாக அளந்து ஓர் அட்டையில் எழுதுகிறேன். போன மாதம்வரை நான்கும் 0.01 வோல்ட்டுக்குள் ஒத்துப் போயின. இந்த மாதம் மூன்றாவது ஜோடி மட்டும் 0.04 குறைவாக நிற்கிறது. காவல் பலகை சமன் செய்யவில்லையா, ஒரு செல் தளர்கிறதா என்று இப்போதே சொல்ல முடியாது. முழுதாக ஏற்றி, ஒரு வாரம் சும்மா வைத்து, மறுபடி அளக்க வேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி எஞ்சின் ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.